உண்ணிக்கு உபவாசம்

தமிழில் பிராணிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் வெகு சிக்கனக்காரர்கள். உண்பது எதுவோ அது உண்ணி, தீர்ந்தது விஷயம். சிங்கம் உண்ணவில்லையா, யானை உண்ணவில்லையா என்று கேட்கலாம். ஆனால் மற்றப் பிராணிகள் உண்பதைத் தவிர வேறு காரியங்களும் செய்கின்றன. ஓடுகின்றன, கூவுகின்றன, ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துக்கொள்கின்றன. உண்ணிக்கு அப்படி எந்தப் பொழுதுபோக்கும் இல்லை. அப்படியானால் எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நாயுண்ணி வாழ்நாள் முழுவதற்கும் சாப்பிடுவது மூன்றே மூன்று வேளைதான். குஞ்சுப் பருவத்தில் ஒரு வேளை, இளம் பருவத்தில் ஒரு வேளை, வளர்ந்தபின் ஒரு வேளை. மற்றக் காலமெல்லாம் அடுத்த இலைக்காகக் காத்திருக்கிறது. அது எங்கே காத்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதை நான் தெரிந்துகொண்ட விதம் பெருமைப்படத் தக்கதல்ல. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனேன். அது எல்லைப்புறச் சீமை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, மூன்றாம் வீட்டில் கன்னடம். உண்ணிக்கும் அங்கே பெயருக்குப் பஞ்சமில்லை. தெலுங்குக்காரர் 'பிடுது' என்பார், கன்னடக்காரர் 'உண்ணெ' என்பார். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். அவை போன பிறகு அதே சாலையில் மாடுகள் நடந்து வரும். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் காரை பெயர்ந்த மாட்டுத் தொழுவம் ஒன்று இருந்தது. அதில் மாடு இல்லை, மணி இருந்தான். மணி என்பது வீட்டோடு எங்களுக்குக் கிடைத்த நாய். வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெயர் எழுதப்படவில்லையே தவிர, வீட்டின் உண்மையான சொந்தக்காரன் அவன்தான்.

மணியின் காதுக்குள் திராட்சைக் குலைபோல உண்ணிகள் தொங்கின. என் மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஏதாவது மருந்து வாங்கிட்டு வரக்கூடாதா?" என்றாள். போய் ஒரு சீசா வாங்கி வந்தேன். மாட்டுக்குத் தெளிக்கிற மருந்து அது. இத்தனை தண்ணீருக்கு இத்தனை சொட்டு என்று கடைக்காரர் சொன்னார்; சீசாவின் மேலும் எழுதியிருந்தது. சொட்டுச் சொட்டாக எண்ணுகிற பொறுமை எனக்கு இல்லை. கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம் கூட வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். மணி என்னை நம்பி அசையாமல் நின்றான். பிறகு உடம்பை நக்கிக்கொண்டான். இரவு பத்து மணிக்கு வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குற்றம் மருந்தின் மேலும் இல்லை, விற்றவர் மேலும் இல்லை. கொன்றவன் நான். இதைவிட மோசமான விஷயம் ஒன்று மூன்றாம் நாள் நடந்தது. மணியைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில், என் படுக்கையறைச் சுவரில், மிளகுபோல ஐந்தாறு உண்ணிகள் சாவகாசமாக மேல் நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. எதற்காக அந்த ஜீவனைக் கொன்றேனோ அந்தக் காரியமும் நடக்கவில்லை.

பக்கத்து மனையில் ஒரு பசுவும் ஒரு கன்றும் நாலைந்து கோழிகளும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி இருந்தாள். வேலியோரம் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "நாய்மேல இருந்தது நாலு உண்ணி, சாமி. நானூறு செவுத்துல இருக்குது. நாயைக் குளுப்பாட்டினா செவுரு சுத்தமாயிடுமா?" என்றாள்.

எனக்குத் தலை குனிவு ஏற்பட்டால் புத்தகங்களுக்குள் போய் ஒளிந்துகொள்வது வழக்கம். அப்படி ஒளியப் போன இடத்தில்தான் பாட்டி சொன்ன கணக்கை வேறு பலரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கணக்குக்காகத் தேசங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்திருக்கின்றன.

அமெரிக்காவின் தென்பகுதி மாடுகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போனால், வடக்கத்தி மாடுகள் சாகும். தெற்கத்தி மாடுகளோ ஜம்மென்று இருக்கும். காய்ச்சல் வரும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், மாடு விழுந்துவிடும். இதை டெக்ஸாஸ் காய்ச்சல் என்றார்கள். தெற்கத்தி மாட்டின் மூச்சில் விஷம், சாணத்தில் விஷம், எச்சிலில் விஷம் என்று படித்தவர்கள் பலவிதமாகச் சொன்னார்கள். மாடு மேய்க்கிறவர்கள் மட்டும் உண்ணிதான் காரணம் என்றார்கள். மேய்க்கிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

தியோபால்ட் ஸ்மித் என்ற இளைஞர் கேட்டார். 1889-ல் வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் சில மைதானங்களை வேலி போட்டுப் பிரித்துக்கொண்டு, கில்போர்ன் என்ற மாட்டு வைத்தியருடன் சேர்ந்து சோதனையை ஆரம்பித்தார். ஒரு மைதானத்தில் தெற்கத்தி மாடுகளை உண்ணியோடு விட்டார். இன்னொன்றில் அதே மாடுகளை, உடம்பிலிருந்த உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, வடக்கத்தி மாடுகளோடு கலந்து விட்டார். மூன்றாவது மைதானத்தில் தெற்கத்தி மாடே இல்லை. வெறும் உண்ணிகளை மட்டும் புல்லில் இறைத்தார். உண்ணி இருந்த இடத்தில் வடக்கத்தி மாடுகள் நோயில் விழுந்தன. பொறுக்கிவிட்ட மைதானத்தில் ஒன்றும் ஆகவில்லை. 1893-ல் அறிக்கை வெளியாயிற்று. ஒரு பூச்சியோ உண்ணியோ கடித்து ஒரு பிராணியிலிருந்து இன்னொன்றுக்கு நோய்க்கிருமியைக் கொண்டுபோக முடியும் என்பதைத் தெளிவாக நிலைநாட்டிய முதல் வேலைகளில் அது ஒன்று. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, 1897-ல்.

அந்த மூன்றாவது மைதானம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மாடு இல்லாத புல்வெளி மாட்டைக் கொன்றது என்றால், பகை மாட்டின் முதுகில் இல்லை, காலடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டுண்ணியின் கதை இதுதான். மாட்டின் உடம்பில் அது சுமார் மூன்று வாரம் தங்குகிறது. குடித்துப் பருத்ததும் கழன்று தரையில் விழுகிறது. இரண்டாயிரம், மூவாயிரம் என்று முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. கடுகைவிடச் சிறிய குஞ்சுகள் பொரித்து, புல் நுனியில் ஏறி, முன்கால்களை நீட்டிக்கொண்டு, மாடு வரும் வரும் என்று நிற்கின்றன. வெயில் காய்ந்தால் சில வாரம். குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் பல மாதம். அதுவரையில் மாடு வராவிட்டால் பட்டினி கிடந்து சாகின்றன. உண்ணிக்கு ஏகாதசி அனுசரிக்கத் தெரியும். ஆனால் துவாதசிப் பாரணைக்கு மாடு வந்தே ஆகவேண்டும்.

இந்தச் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டு அமெரிக்க சர்க்கார் 1906-ல் உண்ணி ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலத்தை மாதக்கணக்கில் காலியாகப் போட்டு உண்ணியைப் பட்டினி போடுவது ஒரு வழி. பெரிய தொட்டிகளில் ஆர்செனிக், அதாவது பாஷாணம், கரைத்து மாடுகளை நீந்தவிடுவது இன்னொரு வழி. நிலம் விசாலமாக உள்ளவன் முதல் வழியைச் செய்யலாம். இல்லாதவன் பாடு பாஷாணத் தொட்டிதான். அது கட்டாயமும்கூட. ஏழைக் குடியானவர்களுக்கு ஆத்திரம் வந்தது. சில இடங்களில் வெடி வைத்துத் தொட்டிகளைத் தகர்த்தார்கள். ஆனாலும் 1943 வாக்கில், மெக்ஸிகோ எல்லையோரம் ஒரு கீற்றைத் தவிர, தேசமெங்கும் அந்த உண்ணி போய்விட்டது. அந்த எல்லை ஆற்றோரம் குதிரைமேல் ஆட்கள் இன்றும் ரோந்து சுற்றி, வழி தவறி வரும் மாட்டைப் பிடித்து உண்ணி பார்க்கிறார்கள். நம் எல்லையில் ஜூஜுவாடிச் சாவடி வழியாக லாரிகள் நின்று வரி கட்டிய காலத்தில்கூட உண்ணியை யாரும் இறங்கச் சொன்னதில்லை.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு மாதிரி. அங்கே இந்த உண்ணி இல்லாமலே இருந்தது. 1872-ல் பட்டேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, திமில் வைத்த மாடுகளைக் கப்பலில் டார்வினுக்குக் கொண்டுவந்தார்கள். உண்ணி டிக்கெட் இல்லாமல் கூடவே வந்து இறங்கியது. பாஷாணத் தொட்டி கட்டினார்கள். சுமார் நாற்பது வருஷத்தில் உண்ணி பாஷாணத்தைப் பழகிக்கொண்டது. டி.டி.டி. வந்தது, அதையும் பழகிக்கொண்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்த மருந்துகளின் கதியும் ஏறக்குறைய அதுவேதான். 1957-ல் வில்கின்சன் என்ற விஞ்ஞானி குவீன்ஸ்லாந்தில், மேய்ச்சல் நிலத்தை மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தால் மருந்துத் தேவை வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். உண்ணி எல்லா மருந்தையும் பழகிவிடுகிறது. பட்டினியை மட்டும் இதுவரை பழகவில்லை.

இதைப் படித்தபோதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மைசூர் ராஜாக்களிடம் 'பெண்ணெச் சாவடி' என்று ஒரு மாட்டு இலாகா இருந்தது. வெண்ணெய்ச் சாவடி என்று அர்த்தம். திப்பு சுல்தான் அதற்கு 'அம்ருத மஹால்' என்று பெயர் மாற்றினார். பீரங்கி இழுக்கும் எருதுகளை வளர்ப்பது அதன் தொழில். அந்த மந்தைகளுக்கென்று ஒதுக்கிய புல்வெளிகளுக்குக் 'காவல்' என்று பெயர். வெயில் காலக் காவல், மழைக் காலக் காவல், குளிர் காலக் காவல் என்று மூன்று வகை. பருவத்துக்குப் பருவம் மந்தை இடம் பெயரும். ஒரு காவலில் மேய்ந்துவிட்டுப் போனால் அங்கே மறுபடி கால் வைக்க மாதங்கள் ஆகும். புல்லுக்காகச் செய்த ஏற்பாடு இது. உண்ணியை நினைத்துச் செய்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. ஆனால் முன் பருவத்தில் விழுந்த உண்ணியின் குஞ்சுகள் புல் நுனியில் கைநீட்டிக்கொண்டு நிற்கும்போது மாடு வெகு தூரத்தில் இருந்திருக்கும். வில்கின்சனுக்கு முன்னால், ஸ்மித்துக்கு முன்னால், இந்தச் சீமையில் உண்ணி உபவாசம் இருந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாராமகால் 1792-லும், ஓசூர்ப் பகுதி திப்பு வீழ்ந்த 1799-லும் கும்பினியார் கைக்குப் போயின. அம்ருத மஹாலையும் அவர்களே நடத்தினார்கள். 1860-ல் சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் சிக்கனம் என்று சொல்லி மந்தையை விற்றுத் தீர்த்தார். ஆறு வருஷத்தில் எருது கிடைக்காமல் திண்டாடி, 1866-ல் மறுபடியும் சேர்க்க ஆரம்பித்தார்கள். சர்க்கார் சிக்கனம் அன்றைக்கும் அப்படித்தான்.

இதற்கு முன்பே, 1824-ல், கர்னல் ஹே என்ற பட்டாளத் துரை மத்திகிரியில் பட்டாளக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை அமைத்தார். கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். சீமைக் குதிரைக்கும் துரைக்கும் ஒத்துக்கொள்ளும் குளிர்ச்சி. அந்தப் பண்ணைதான் பிற்பாடு ஓசூர்க் கால்நடைப் பண்ணையாயிற்று. இன்றும் ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. சிவப்புச் சிந்தி மாடுகளை அங்கே பெருக்கினார்கள். அங்கே இருந்த லிட்டில்வுட் என்ற அதிகாரி, 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தை இன்றும் மாட்டுச் சாஸ்திரம் படிப்பவர்கள் தேடுகிறார்கள். காவிரிக் கரை ஆலம்பாடியின் பெயர் கொண்ட ஆலம்பாடி மாட்டை நேயர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. சாம்பலும் கருமையும் கலந்த நிறம், பின்னால் வளைந்த கொம்பு, யாரையும் நம்பாத பார்வை. உண்ணி அதன்மேல் ஏறாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திமிலுள்ள நம் நாட்டு மாட்டின் தோல் உண்ணிக்கு லேசில் இடம் கொடுப்பதில்லை. ஏறியதில் பெரும் பகுதி பருக்காமலே உதிர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியர்கள் உண்ணியை எடுத்து வந்த அதே திமில் மாட்டின் இனத்தைப் பிற்பாடு மருந்தாகத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம்.

சாதாரண ஜனங்களிடமும் இடம் பெயர்க்கிற வழக்கம் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் மாட்டுப் பட்டி போடுவார்கள். மேய்ச்சல் தீர்ந்தால் பட்டி வேறிடம் போகும். ஆட்டுக்காரர்கள் அறுவடையான வயலில் கிடை போடுவார்கள். படலைப் பெயர்த்து அடுத்த வயலில் நிறுத்துவார்கள். உரத்துக்காகத்தான் கிடை. உண்ணி ஒழிவது அதில் விழுந்த எச்சில் லாபம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்துவிட எனக்கு இஷ்டமில்லை. ஏனென்றால் காட்டுப் பட்டிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1957-ம் வருஷம் மைசூர் ராஜ்யத்துச் சிவமொக்கா ஜில்லாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே காட்டுக்குள் விறகுக்கும் தழைக்கும் போன ஜனங்களுக்குக் கடும் காய்ச்சலும் ரத்தப்போக்கும் கண்டன. புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் வந்து பார்த்து, ரஷ்யாவில் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சலுக்கு உறவான ஒரு புது வைரஸைக் கண்டுபிடித்தார்கள். கன்னட ஜனங்கள் அதை 'மங்கன காயிலெ', குரங்கு நோய், என்றார்கள். பரப்பியது காட்டு உண்ணி. அந்த உண்ணியின் வளர்ந்த பருவத்துக்கு விருந்து வைத்துப் பெருக்கியதில் காட்டில் மேய்ந்த மாட்டுக்கும் பங்கு உண்டு. காட்டுச் சருகைத் தொழுவத்துக்குப் படுக்கையாக வாரிக்கொண்டு வந்தவர்கள் உண்ணியையும் வாரிக்கொண்டு வந்தார்கள். 2012-ல் பந்திப்பூரிலும் அதையொட்டி நீலகிரியிலும் அந்த நோயின் தடம் தெரிந்தது. ஆகவே 'மாட்டைக் காட்டில் விடு, உண்ணி தீரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காடு உண்ணிக்குச் சொந்த வீடு.

காட்டுப் பட்டிக்கு இப்போது சட்டமும் இடம் தரவில்லை. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று வரையறுத்தது.

இதற்கு வெகு முன்பே மாட்டின் கால் கட்டப்பட்டுவிட்டது. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று சகலமும் அங்கே செய்தார்கள். மேய்ச்சல் நிலம் மனைக்கட்டாயிற்று. பெங்களூருக்குப் பால் போயாக வேண்டும். நாட்டு மாட்டின் இடத்துக்கு ஜெர்சிக் கலப்பும் ஹோல்ஸ்டீன் கலப்பும் வந்தன. வாளி நிறையப் பால் கறக்கிற நல்ல மாடுகள்தான். ஆனால் தோல் மெல்லிசு, உண்ணிக்கு இஷ்டமான தோல். அந்த மாட்டை ஆண்டு முழுவதும் ஒரே கொட்டகையில், ஒரே முளையில் கட்டிப்போட்டோம். உண்ணி விழுந்த இடத்திலேயே முட்டையிட்டது. குஞ்சு பொரித்த இடத்திலேயே மாடு நின்றது. துவாதசிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தினம் தினம் சமாராதனை. அப்புறம் என்ன, பவுடரும் சீசாவும்தான். பி.எச்.சி. பவுடரைக் கல்யாண வீட்டுக் கோலப்பொடி மாதிரி வீடெங்கும் தூவிய தலைமுறை நம்முடையது. 1997-ல் அதற்குத் தடை வந்தது. பிறகு வந்த மருந்துகளுக்கும் உண்ணி டிமிக்கி கொடுக்கிறது என்று இந்தியக் கால்நடை விஞ்ஞானிகளே பல மாநிலங்களில் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நாட்டு வைத்தியத்தின் ரசிகர்கள் உற்சாகமாகக் கை தட்டக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். புகையிலைக் கஷாயம் உண்ணியைக் கொல்லும். அளவு மீறினால் கன்றையும் கொல்லும். அதுவும் விஷம்தான், செடியிலிருந்து வந்த விஷம். மண்ணெண்ணெய் தேய்ப்பது தோலை வேகவைப்பது. உண்ணிக்கொக்கு இருக்கிறதே, மாட்டின் கூடவே நடக்கும் அந்த வெள்ளைப் பறவைக்கு அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும். அதன் முக்கிய ஆகாரம் மாட்டின் குளம்படியில் துள்ளிக் கிளம்பும் வெட்டுக்கிளி. உண்ணி எப்போதாவது ஒரு தொடுகறி. 1959-ல் அமெரிக்கர் இந்தக் கொக்கைப் பிடித்துப் போய் ஹவாய்த் தீவில் மாட்டு ஈயைத் தீர்க்கச் சொல்லி விட்டார்கள். அங்கே அது பெருகி மீன் பண்ணைக்காரர்களுக்குத் தலைவலியாயிற்று.

கோழி அப்படியல்ல. கென்யாவில் ஆராய்ச்சிக்காரர்கள் உண்ணி பிடித்த மாடுகளுக்கு நடுவே கோழிகளை அரைமணி, ஒரு மணி நேரம் மேயவிட்டு, பிறகு இரைப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கோழிக்குச் சராசரி எண்பது உண்ணி. 1991-ல் வெளியான கணக்கு இது. எங்கள் மத்திகிரியில் கோழிக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. ஆனால் வியாபாரக் கோழி கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே முடிகிறது. தன் ஆயுளில் ஒரு மாட்டைப் பார்த்திராத கோழி உண்ணியை எங்கே பார்க்கப்போகிறது? கூண்டின் இடுக்கில் கோழிக்கென்றே தனியாக ஓர் உண்ணி உண்டு என்பது வேறு கதை.

இன்னொரு ரசமான விஷயம் முயல் மசால். தீவனத்துக்காக நம் குடியானவர்கள் பயிரிடும் இந்தச் செடியில் சில வகைகளின் இலை, தண்டுகளில் பிசுபிசுப்பான பால் சுரக்கும் ரோமங்கள் உண்டு. மாட்டைத் தேடி ஏறுகிற உண்ணிக் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகிறது என்று 1982-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எழுதினார்கள். மாறாக, நம் மலைகளையெல்லாம் மூடியிருக்கும் உண்ணிச்செடி, தோட்ட அலங்காரத்துக்கு வெள்ளைக்காரர் கொண்டுவந்த அந்த முள் புதர், பெயருக்கு ஏற்றாற்போல உண்ணிக்கு நிழலும் ஈரமும் கொடுக்கிறது. அதே உண்ணிச்செடியின் இலையை வேம்பு, பூண்டு, வசம்பு, மஞ்சள், துளசியோடு அரைத்து மாட்டின்மேலும் தொழுவ இடுக்கிலும் பூசச் சொல்லித் தேசியப் பால்வள வாரியத்தார் ஒரு முறை வெளியிட்டிருக்கிறார்கள். வீடும் அதுவே கொடுக்கிறது, காலி செய்ய நோட்டீஸும் அதுவே கொடுக்கிறது.

மறுபடியும் என் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். நாயுண்ணி மாட்டுண்ணியைவிடக் கெட்டிக்காரி. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் நாயை விட்டு இறங்கி, சுவரேறி, நிலைப்படி இடுக்கிலும் உத்தரத்திலும் ஒளிந்து தோலுரித்துக்கொண்டு மறுபடி இறங்குகிறது. வளர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி தாங்கும். ஆகையால் நாய் இல்லாத வீட்டைப் பூட்டிவைத்தால் போய்விடும் என்பது நடக்காத காரியம். திறந்தவுடன் ஆளையே தேடி வரும். இந்த நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. மெகா என்ற டாக்டர் தமக்கே குமாவுன் மலையில் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்ததைக் கொண்டு 1921-ல் அதைப் பற்றி எழுதினார். அதைச் சுமப்பவற்றில் நாயுண்ணியும் ஒன்று. பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்குகிற வழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான்.

பாட்டியிடம் போய், "எனக்கு வழி சொல்லுங்கள்" என்றேன். அவள் வழி சொல்லவில்லை; வந்து விட்டாள். முதலில் சுவரோரம் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த பார்த்தீனியத்தையும் புல்லையும் அறுத்து ஒரு கஜ அகலம் வெறுந்தரை ஆக்கினாள். அமெரிக்காவில் உண்ணிக்குப் பயந்தவர்கள் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடிக்கு மரச்சில்லு கொட்டிவைக்கிறார்கள் என்று படித்திருந்தேன். காய்ந்த தரையை உண்ணி தாண்டாது. மணியின் கோணிப்படுக்கையை எரித்தாள். துடைப்பத்தால் கீழிருந்து மேலாகச் சுவரைப் பெருக்கினாள், உத்தரம் வரைக்கும். விழுந்ததையெல்லாம் உப்பும் சோப்பும் கரைத்த வாளியில் கொட்டினாள். தொழுவத்துக் கருங்கல் சுவரின் சந்துகளில் எரியும் பந்தத்தை மெதுவாக ஓட்டினாள். கூரை ஓடு வேய்ந்தது, கீழே வைக்கோல் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்ட பிறகுதான். கொதிக்கிற வெந்நீரைத் தரைப் பிளவுகளில் ஊற்றினாள். பிறகு ஒரு கொத்தனைக் கூட்டிவந்து, நிலைப்படி இடுக்கிலிருந்து தொழுவத்து மூலை வரை எல்லாச் சந்தையும் காரை வைத்து அடைத்து, இரண்டு கோட் சுண்ணாம்பு அடிக்கச் செய்தாள். கொத்தன் கூலி என்னுடையது.

"முடிந்ததா பாட்டி?" என்றேன்.

"எங்கே முடியுது? பத்து நாளைக்கு ஒரு தரம் பெருக்கு. இன்னிக்கு முட்டையா இருந்தது நாளைக்குக் குஞ்சா வரும். மூணு மாசம் விடாம செய்யணும், சாமி. அப்புறம்தான் நாய்."

மூன்று மாதம் செய்தேன். முதல் மாதம் வாளியில் கறுப்பாக மிதந்தன. இரண்டாம் மாதம் எண்ண முடிந்தது. மூன்றாம் மாதம் கடைசியில் இரண்டே இரண்டு. அந்த நாட்களில் வேலிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டி வாரத்துக்கு ஒரு முறை கன்றின் முளையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி அடிப்பாள். பழைய இடத்தைப் பெருக்கி வெயிலில் விட்டுவிடுவாள். மனையின் நாலு மூலையும் சுற்றி முதல் மூலைக்குக் கன்று திரும்பி வருவதற்கு நாளாகும். அம்ருத மஹால் காவல்கள் ஆறு சென்ட் நிலத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அவளிடம் அதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்கென்ன தெரியும், சேறாகாம இருக்கணும்னு மாத்தறேன்" என்றாள்.

நாலாம் மாதம் ஒரு நாய்க்குட்டி வந்தது. அதன் காதை நானே தினம் புரட்டிப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து உப்புநீரில் போடுகிறேன். மாட்டு மருந்துச் சீசாவை எதற்கும் தொடுவதில்லை. அது அதிகமாகிப்போனால் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போவேன், சொட்டை எண்ணுகிற வேலையை அவரே செய்யட்டும் என்று.

பாட்டி தன் வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றாள். ரொம்ப வற்புறுத்தினதன்மேல், காலையில் தன் கோழிகளை எங்கள் கொல்லைக்குள் விடவேண்டும் என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த இடத்தில் எச்சம் போடுகிறது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். கோழிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.